எண்பத்தாறா, எண்பத்தெட்டா

ஆல்டர்பி சாண்ட்ஸ் பொற்காலக் கழகத்தில் பதின்மூன்று உறுப்பினர்கள் இருந்தார்கள். அந்தக் கேளிக்கைப் பூங்காவின் பொற்காலம் எந்த ஆண்டு என்பதில் பதினான்கு கருத்துகள் இருந்தன. பொருளாளர் டெரிக் டிரான்டருக்கு மட்டும் இரண்டு. நல்ல பெயின்டுக்கு ஓர் ஆண்டு, நல்ல சுவருக்கு ஓர் ஆண்டு.

கழகத்தின் தலைவன் ரஸ்ஸல் பிக்கர்ஸுக்கு இந்தத் தடுமாற்றமெல்லாம் கிடையாது. 1986, அவ்வளவுதான். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் ஒத்திகை, பின்னால் நடந்ததெல்லாம் சரிவு. ரஸ்ஸலுக்கு நாற்பத்தாறு வயது. லிங்கன் நகரசபையில் வண்டி நிறுத்த அனுமதி கொடுக்கும் பிரிவில் வேலை. கல்யாணம் ஒன்று நடந்தது, பெரிய சத்தமில்லாமல் முடிந்தும் போயிற்று. வாழ்க்கையில் தனக்கு நடந்த மிக நல்ல விஷயம் எட்டு வயதில், ஜூலை மாதத்து ஒரு வாரத்தில் நடந்து முடிந்துவிட்டது என்பதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறான்.

அந்த வாரத்தில் அம்மா, அப்பா, அக்கா கேனர், அவன் என்று நான்கு பேரும் ஆல்டர்பியில் ஒரு குடிலில் தங்கியிருந்தார்கள். பூங்காவில் முதலை ஆறு என்று ஒன்று உண்டு. வட்டமான படகில் உட்கார்ந்தால் சிமென்டுக் கால்வாயில் சுழன்று சுழன்று போக வேண்டியது. கரையில் இருக்கும் பிளாஸ்டிக் முதலைகள் மேலே தண்ணீரைத் துப்பும். பன்னிரண்டு வயது கேனருக்கு அந்த ஆற்றின் மேல் அப்படி ஒரு வெறி. காலையில் கஞ்சி குடித்த வாய் காய்வதற்குள் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இறங்கினால் மறுபடியும் வரிசை. மறுபடியும் படகு. அன்றிலிருந்து இன்றுவரை தன்னோடு யாரும் அப்படி நாள் முழுக்க இருந்ததில்லை என்று ரஸ்ஸல் கழகத்தின் ஆண்டு மலரில் எழுதியிருந்தான். படித்த சிலர் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

கேனர் அந்த மலரைப் படித்தாளா என்று தெரியவில்லை. டான்காஸ்டரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். ரஸ்ஸல் ஒவ்வொரு கோடையும் அவளை ஆல்டர்பிக்குக் கூப்பிடுவான். ஒவ்வொரு கோடையும் அவளுக்கு ஏதாவது வந்துவிடும். முட்டிவலி வந்தது, மாடியில் நீர்க்கசிவு வந்தது, ஒரு வருடம் பூனைக்குப் பிரசவம் வந்தது. அந்தப் பூனை ஆண் என்று ரஸ்ஸலுக்குத் தெரியும். அம்மா அப்பா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வாரத்தை நினைவு வைத்திருக்க உலகத்தில் இன்னும் ஓர் ஆள்தான் பாக்கி. அந்த ஆளோடு முதலை ஆற்றில் ஒருமுறை உட்கார்ந்துவிட வேண்டும். அவன் ஆசை அதற்கு மேல் போகவில்லை.

அந்த ஆசைக்கு இந்த வருடம் கெடு வந்தது. பூங்காவைப் புதிதாக வாங்கியவர்கள், குளிர்காலத்தில் எல்லாவற்றையும் இடித்துவிட்டு விடுமுறை வீடுகள் கட்டப் போவதாக அறிவித்தார்கள். முதலை ஆறு மூன்று வருடமாகவே வறண்டு கிடந்தது. ஆனால் வாங்கியவர்கள் அப்படியொன்றும் கெட்டவர்கள் இல்லை. செப்டம்பரில் ஒரு வாரக்கடைசி முழுவதும் பூங்காவைக் கழகத்தின் கையில் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள், அந்த ஆண்டில் எப்படி இருந்ததோ அப்படியே நடத்திக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் ஆறு ஓடியிருந்தால் நாங்களும் தண்ணீர் விடுகிறோம் என்றார்கள்.

ரஸ்ஸல் உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

"கேனர், முதலை ஆத்துல தண்ணி விடப் போறாங்க."

"எதுக்கு?"

"நீயும் நானும் போறதுக்கு."

"எனக்கு அன்னிக்கு வேலை இருக்கும்டா."

"என்னிக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லயே."

"சொல்லு, அன்னிக்குத்தான் வேலை இருக்கும்."

ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை, ஆல்டர்பி தேவாலயத்தின் பின்கட்டுக் கூடத்தில் ஏற்பாடாகியிருந்தது. ரஸ்ஸலின் கார் வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தோற்றுப் பட்டறையில் கிடந்ததால் கேனர் தன் காரில் கொண்டுவந்து விட்டாள். காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். ஏப்ரல் மாதத்துக் கடல் காற்று அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் உள்ளே வந்து பின்வரிசையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டாள்.

இங்கிலாந்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரோஜாச் செடி வைப்பதென்றாலும் தலைவர், செயலாளர், பொருளாளர் இல்லாமல் குழி தோண்ட மாட்டார்கள். பொற்காலக் கழகமும் அப்படித்தான். விவாதம் நடக்கும்போது தலைவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. ஓட்டும் போடக் கூடாது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் தலைவரின் ஓட்டு முடிவு செய்யும். தலைவர் பதவிக்காக ஒற்றைக் காலில் நின்று ஜெயித்த ரஸ்ஸல், வாழ்நாளின் முக்கியமான விவாதத்தில் வாயில் கொழுக்கட்டையை அடைத்ததுபோல உட்கார வேண்டி வந்தது.

ஒரு மணி நேரத்தில் மற்ற ஆண்டுகளெல்லாம் உதிர்ந்து எண்பத்தாறும் எண்பத்தெட்டும் மட்டும் மிஞ்சின. எண்பத்தாறுக்காகச் செயலாளர் பிலிப்பா பேசினாள். எண்பத்தாறில் பிலிப்பா பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டை நினைத்து அவள் ஏங்கியது போல யாரும் ஏங்கியதில்லை. ரஸ்ஸலின் கட்டுரையை மனப்பாடமாக ஒப்பித்தாள். "படகை விட்டு இறங்கவே மறுத்த அந்தச் சிறுமி" என்ற இடம் வந்ததும் எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். கேனர் தன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து டெரிக் டிரான்டர் எழுந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். எண்பத்தெட்டை விட்டால் தனக்கு வேறு கதி இல்லை என்பதுபோல ஆரம்பித்தார்.

"ஆறு, முதலை எல்லாம் சரிங்க. மனுசன் ராத்திரி எங்க படுத்தான்? அதையும் பாக்கணுமில்ல? எம்பத்தாறுல குடில் எல்லாம் வெறும் அட்டைச் சுவர். பக்கத்துல ஒருத்தன் தும்மினா இங்கேருந்தே ஆசீர்வாதம் பண்ணலாம். ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டா மொத்த வரிசையும் ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கும். எம்பத்தெட்டுக்குத்தான் செங்கல் வெச்சாங்க. செங்கல்!"

பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மூக்கு வழியாக வந்த சின்னச் சிரிப்புதான்.

"அவர் சொல்றது சரி" என்றாள் கேனர்.

"உறுப்பினர் இல்லாதவங்க பேசக் கூடாதுங்க" என்றாள் பிலிப்பா.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் கேனர். "ஆனா அவர் சொல்றது சரி."

ஓட்டெடுப்புக்கு முன்னால் டீ இடைவேளை. நாடே தீப்பற்றி எரிந்தாலும் அந்த இடைவேளையை யாரும் தாண்ட மாட்டார்கள். ரஸ்ஸல் இரண்டு கோப்பையை நிரப்பிக்கொண்டு நேராகப் பின்வரிசைக்கு வந்தான்.

"சுவரைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"நம்ம ரூமுக்கும் அம்மா அப்பா ரூமுக்கும் நடுவுல இருந்த சுவரைப் பத்தித் தெரியும்."

"அதுக்கென்ன?"

கேனர் டீயை வாங்கிக்கொண்டாள். "எம்பத்தாறுல அவங்க வாரம் முழுக்க சண்டை போட்டாங்கடா. விடிஞ்சதுலேருந்து படுக்கற வரைக்கும். அம்மா அந்தக் கம்பளக் கடைக்காரர் விஷயத்தை அங்க வெச்சுத்தான் சொன்னாங்க. தட்டு உடைஞ்சுது. மூணு தட்டு. போகும்போது காசு கட்டினோம்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலயே."

"எப்படிக் கேக்கும்? நீ குடில்ல இருந்தாத்தானே?"

ரஸ்ஸல் டீயில் தோய்த்த பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோக மறந்து நின்றான். நனைந்த பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

"நீதானே இன்னொரு தடவை இன்னொரு தடவைன்னு இழுத்துட்டுப் போன? உனக்குத்தானே அந்த ஆறு..."

"பூங்காவிலயே பெரிய வரிசை அங்கதான்டா இருந்துச்சு. ஒருவாட்டி ஏறி இறங்கினா ஒரு மணி நேரம் கழிஞ்சுடும். உன்னை வேற எங்க கூட்டிட்டுப் போயி அவ்வளவு நேரம் நிறுத்தி வெக்கிறது?"

"அப்ப உனக்கு அது பிடிக்கவே பிடிக்காதா?"

"எனக்குச் சுத்துற எதுவும் ஆகாது. பஸ்ல பின்னாடி சீட்டே ஆகாது. டோனட் கடைக்குப் பின்னால ஒரு குப்பைத்தொட்டி இருந்துச்சே, ஒவ்வொரு தடவையும் அதுலதான் வாந்தி எடுத்தேன்."

"டோனட் வாங்கிட்டு வரேன், எடத்த விட்டுறாத, அப்படீன்னுதானே சொல்லிட்டுப் போவ?"

"என்னிக்காவது டோனட்டோட வந்தேனா?"

ரஸ்ஸல் யோசித்தான். பூங்காவில் எந்த மாதம் எந்தக் கம்பத்துக்கு என்ன நிறம் அடித்தார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன். அக்கா ஒருமுறைகூட டோனட்டோடு திரும்பி வரவில்லை என்பது இத்தனை வருடத்தில் அவனுக்குத் தோன்றவே இல்லை.

"தீந்துபோச்சுன்னு சொல்லுவ" என்றான்.

"ஆமா."

முதலில் அவனுக்கு வந்தது கோபம்தான். தன்னிடம் இருந்த ஒரே நல்ல வாரத்துக்குள் கையை விட்டு அதன் குடலை உருவிக் காட்டுகிறாளே என்று. பிறகு அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போய், வெட்கம் வந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, சிரித்த முகமாக மறுபடியும் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அதை அவன் வெறி என்று எழுதி அச்சிலும் போட்டிருக்கிறான்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது? உனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ மலர்ல வேற எழுதிட்ட."

தேவாலயத்துப் பெண்கள் வைத்திருந்த டீ பாத்திரம் ஒரு மூலையில் முனகிக்கொண்டிருந்தது. ரஸ்ஸல் அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உன்னைக் கேட்டா எந்த வருஷம் சொல்லுவ?"

"எம்பத்தெட்டு" என்றாள் கேனர், யோசிக்காமல். "அம்மா அந்தக் கம்பளக் கடைக்காரரோட ஹல் ஊருக்குப் போயாச்சு. அப்பா, நீ, நான். வாரம் முழுக்க மழை. நான் தூங்கினேன். ராத்திரி தூங்கினேன், காலைல பதினோரு மணி வரைக்கும் தூங்கினேன், சாப்பிட்டுட்டு மறுபடியும் தூங்கினேன். அந்த மாதிரி ஒரு தூக்கம் அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. இன்னிக்கும் பக்கத்து வீட்டுல டிவி ஓடினா எனக்குத் தூக்கம் போயிடும்."

"எம்பத்தெட்டுல ஆறு மூடியிருந்துச்சு. பழுது பாக்கறாங்கன்னு போர்டு. நான் வாரம் பூரா அழுதேன்."

"தெரியும். அந்த வாரம் நீ ஒரு படகுக்காக மட்டும்தான் அழுத. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

பிலிப்பா மணியை அடித்தாள். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

ஓட்டு ஆறுக்கு ஆறு என்று வந்தது. கூடத்தில் பலபேர் பெருமூச்சு விட்டார்கள். டெரிக் தோற்றவர் பேச வேண்டிய நாலு வார்த்தையைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தலைவரின் ஓட்டு எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிலிப்பா ஏற்கெனவே பதிவேட்டில் முடிவு என்ற இடத்தில் எண்பத்தாறு என்று எழுதி முடித்திருந்தாள்.

ரஸ்ஸல் எழுந்து நின்றான். அவன் குரல் வண்டி அனுமதிப் பிரிவில் பேசும் குரலாகவே இருந்தது.

"எண்பத்தெட்டு."

டெரிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்தவர் என்ன பேச வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருக்கவில்லை.

"தலைவரே" என்றாள் பிலிப்பா. "எம்பத்தெட்டுல ஆறு ஓடலீங்களே."

"ஓடல."

"அப்ப தண்ணி விட மாட்டாங்க. அதுக்கப்புறம் இடிச்சுடுவாங்க."

"தெரியும்."

டெரிக்கே பதறிப்போனார். "ரஸ்ஸல் தம்பி, நான் சுவருக்காகத்தாங்க சொன்னேன். ஆத்த வேணா ஒரு நாளைக்கு மட்டும் தொறந்துக்கலாமே? யார் வந்து கேக்கப் போறா?"

"எண்பத்தெட்டுன்னா எண்பத்தெட்டு" என்றான் ரஸ்ஸல். "பாதி பாதியா பண்றதுக்கு நாம என்ன வியாபாரமா நடத்துறோம்?"

அந்தக் கழகத்தில் அதைவிடப் பெரிய வாதம் கிடையாது.

திரும்பும்போதும் கேனர்தான் கார் ஓட்டினாள். அவனை வீட்டில் இறக்கிவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். "செப்டம்பர்ல எனக்கு வேலை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

செப்டம்பரில் வெள்ளிக்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. உறுப்பினர்கள் வானத்தைப் பார்த்து, பரவாயில்லை, பொருத்தமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டார்கள். நாடு முழுக்க இருந்து ஜனங்கள் வந்திருந்தார்கள். எண்பத்தெட்டின் விலைப்பட்டியல், எண்பத்தெட்டின் மஞ்சள் நிறத்தில் ஒற்றைத் தண்டவாள ரயில், எண்பத்தெட்டின் மெத்தென்று ஊறிப்போன சிப்ஸ். முதலை ஆற்றின் வாசலில் சங்கிலி போட்டு, 'பழுது பார்க்கப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று அதே எழுத்தில் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். லீட்ஸிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்த ஒருவர் ரஸ்ஸலைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு எப்ப தொறப்பீங்க?"

"எண்பத்தொன்பது, மே மாசம்" என்றான் ரஸ்ஸல்.

"எவன்யா இந்த வருஷத்தப் புடிச்சான்?"

"நான்தாங்க."

அந்த ஆள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார். வறண்ட கால்வாயில் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. ஒரு படகு ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. ரஸ்ஸல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். வலிக்கத்தான் செய்தது. வலிக்கவில்லை என்று அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்காவும் தம்பியும் ஜி வரிசையில் ஒரு குடில் எடுத்திருந்தார்கள். செங்கல் சுவர், இரண்டு அறை. சனிக்கிழமை காலை ரஸ்ஸல் வழக்கம்போல ஏழு மணிக்கு எழுந்து அடுப்பில் கெட்டிலை வைத்தான். அடுத்த அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவருகே போய்க் காது கொடுத்தான். குறட்டை. கேனர் குறட்டை விடுவாள் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். நிதானமான, நன்றாக ஊன்றிய குறட்டை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு ஒலிபெருக்கி ஞாபகம் வந்தது. ஆல்டர்பியில் அந்தக் காலத்தில் தினமும் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு வரிசையிலும் ஒலிபெருக்கி அலறும். முதலில் ஊதுகுழல். அப்புறம் ஒரு பெண்மணி, "எழுந்திருங்க ஆல்டர்பிக்காரங்களே, சூரியன் வந்தாச்சு, நீங்க வரலயா?" என்பாள். மழையானாலும் சூரியன் வந்தாச்சு என்பாள். அந்தக் குரலின் அசல் நாடா டெரிக்கிடம் இருந்தது. பல வருடமாக ஒரு கம்பளித் தொப்பிக்குள் வைத்துப் பாதுகாத்து வந்ததை, அன்று காலை போடப் போகிறார். ஜி வரிசையின் ஒலிபெருக்கி கேனரின் ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது.

ரஸ்ஸல் வீட்டுச் செருப்போடு மழையில் ஓடினான்.

அலுவலக அறையில் டெரிக் நாடாவைக் கருவியில் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிலிப்பா கழகத்தின் வரலாற்றுப் பதிவுக்காகப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். இருவர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை.

"தலைவரே, சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றார் டெரிக். "பொத்தானை நீங்களே அமுக்கறீங்களா?"

"டெரிக், ஜி வரிசைக்குப் போடாதீங்க."

"ஏன்?"

ரஸ்ஸல் இருபது வருடமாக இந்தக் கழகத்தில் இருக்கிறான். ஒரு தேதியைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. மற்றவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் விட்டதில்லை. ஒருமுறை இறுதிச் சடங்கில் எழுந்து நின்று பாதிரியாரைத் திருத்தியிருக்கிறான்.

"எண்பத்தெட்டு ஜூலைல ஜி வரிசை ஒலிபெருக்கி வேலை செய்யல" என்றான். "பழுது."

காது மடல் இரண்டும் சூடாகின. டெரிக் அவனைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதே."

"நீங்க டி வரிசைல இருந்தீங்க."

"அது சரிதான்" என்றார் டெரிக். தனக்குத் தெரியாத ஒரு பழுது எண்பத்தெட்டில் இருந்திருக்கிறது என்பதில் அவருக்கு வருத்தமும் மரியாதையும் சேர்ந்தே வந்தது. ஜி என்று எழுதியிருந்த விசையைக் கீழே தள்ளினார். "நல்ல வேளை சொன்னீங்க தம்பி. தப்பாப் போயிருக்கும்."

பிலிப்பா அதைப் பதிவில் ஏற்றினாள். ஜி வரிசை, ஜூலை 1988, பழுது, தகவல் தலைவர்.

எட்டு மணிக்கு மற்ற வரிசைகள் எல்லாம் அலறி விழித்தன. ஜி வரிசையில் தங்கியிருந்த உறுப்பினர்கள் மட்டும் எழுப்பப்படாமல் வஞ்சிக்கப்பட்டார்கள். இதற்காகவே பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஒருவர் குளியல் அங்கியோடு வெளியே வந்து, தன்னை ஏன் எழுப்பவில்லை என்று சத்தம் போட ஆரம்பித்தார். ரஸ்ஸல் அவரை முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், டி வரிசையில் ஒரு ஒலிபெருக்கிக்குக் கீழே நிறுத்திவிட்டு வந்தான்.

கேனர் எழுந்து வந்தபோது ஏறக்குறைய மதியம். தலைமுடி ஒருபக்கம் தட்டையாக ஒட்டியிருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு. ஐம்பது வயது முகம் நன்றாக உப்பி, பார்க்க வேறு யாரோ போல இருந்தாள். ரஸ்ஸல் டீயை நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"காலைல அந்தப் பொம்பள கத்தலயே?"

"நம்ம வரிசைக்கு மட்டும் நிறுத்தியாச்சு."

"டெரிக் எப்படி விட்டாரு? வரலாறாச்சே."

"எம்பத்தெட்டுல ஜி வரிசைல அது வேலை செய்யலன்னு சொன்னேன்." கெட்டிலை ஒருமுறை துடைத்தான். "பொய்தான். எல்லா வரிசையிலயும் நல்லாத்தான் வேலை செஞ்சுது. பதிவுலயே ஏத்திட்டாங்க."

கேனர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்லடா. வேலை செய்யல."

"என்ன?"

"நாம இருந்ததும் ஜி வரிசைதானே. மொத நாள் காலைல கத்துச்சு. நான் தூக்கத்துல அம்மாதான் கத்தறாங்கன்னு நெனச்சு எழுந்து உக்காந்து அழுதுட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. வெளிய போனாரு. நாற்காலியப் போட்டு ஏறி, அந்த ஸ்பீக்கர் குழாய்க்குள்ள காலுறையத் திணிச்சுட்டாரு. ரெண்டு ஜோடி. மழைல தொப்பலா நனைஞ்சு உள்ள வந்து, யார்கிட்டயும் சொல்லிடாதேன்னாரு. அந்த வாரம் பூரா அது மூச்சு விடல."

"நான் எங்க இருந்தேன்?"

"நீ தினமும் விடிஞ்சதுமே ஆத்துக்கிட்ட போயி நின்னு அழுதுட்டு இருந்த."

ரஸ்ஸல் கெட்டில் துடைத்த துணியைக் கீழே வைத்தான். அப்பா ஒரு நாற்காலியின் மேல் நிற்பதை நினைத்துப் பார்த்தான். அப்பாவுக்கு ஏணி ஏறினாலே தலை சுற்றும். பிறகு பழக்கம் அவனைக் கையைப் பிடித்து இழுத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"பிலிப்பாகிட்ட. பழுதுன்னு எழுதியிருக்கா. அது பழுது இல்ல, காலுறை. மாத்தணும்ல?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு அப்பா சொல்லியிருக்காரு."

ரஸ்ஸல் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றான். வெளியே ஒற்றைத் தண்டவாள ரயில் மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"என்ன கலர் காலுறை?"

"பழுப்பு" என்றாள் கேனர். "ஒரு ஜோடி ஆபீசுக்குப் போட்டுக்கறது."

ரஸ்ஸல் தலையாட்டினான். அதை அவன் எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.